படகு வயர்லெஸ் முதல் டெல்லி ஆய்வகம் வரை... 'அளவு' சரியா இருக்கணும்னு வாழ்ந்த தமிழர்! யார் இந்த கே.எஸ்.கிருஷ்ணன்?

புதுச்சேரி தேங்காய்த்திட்டு மீன்பிடி துறைமுகத்தில் இருந்து ஆழ்கடலுக்குப் போகும் விசைப்படகில் ஒரு வி.எச்.எஃப் வயர்லெஸ் செட் இருக்கும். செல்போன் சிக்னல் கரையோடு முடிந்துவிடும். அதற்கு அப்புறம் பக்கத்துப் படகைக் கூப்பிட, புயல் எச்சரிக்கை கேட்க, ஆபத்து என்றால் 16-வது சேனலில் உதவி கேட்க, எல்லாத்துக்கும் அந்தப் பெட்டிதான்.

அந்த செட் அதிகபட்சம் 25 வாட் சக்தியில் ரேடியோ அலையை அனுப்ப வேண்டும். நிஜமாகவே 25 வாட் போகிறதா, இல்லை பழசாகி 10 வாட்தான் போகிறதா? காதால் கேட்டு கண்டுபிடிக்க முடியாது. செட் 'ஆன்' ஆகும், விளக்கு எரியும், பேச்சும் கேட்கும். ஆனால் தூரத்தில் இருக்கிற படகுக்கு மட்டும் இவர் குரல் போய்ச் சேராது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு கருவி இருக்கிறது. பெயர் ஆர்.எஃப் பவர் மீட்டர். ரேடியோ அலையில் எவ்வளவு சக்தி இருக்கிறது என்று எண்ணாகக் காட்டும். சர்வீஸ் கடையில் இருந்து செல்போன் டவர், வானொலி நிலையம், ரேடார் வரை இதன் வேலை இருக்கிறது.

சரி, அந்த மீட்டர் காட்டுற எண் சரின்னு யார் சொல்றது? அதை ஒரு பெரிய ஆய்வகம் சோதித்துச் சான்றிதழ் தரும். அந்த ஆய்வகத்தின் கருவியை அதைவிடப் பெரிய ஆய்வகம் சோதிக்கும். இப்படியே மேலே மேலே போனால் இந்தியாவில் கடைசியாகப் போய் நிற்கிற இடம் டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம், அதாவது என்.பி.எல். அதை முதல் இயக்குநராக இருந்து கட்டி எழுப்பியவர் விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்பைச் சேர்ந்த ஒரு தமிழர். அவர்தான் கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன். சுருக்கமாக கே.எஸ்.கிருஷ்ணன்.

சர்.சி.வி.ராமன் பெயர் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கண்டுபிடிப்பின்போது கூடவே நின்ற இவரைப் பற்றி பாடப்புத்தகத்தில் ஒரு வரி வந்தாலே அதிகம். வாங்க, விரிவாகப் பார்க்கலாம்.

மலையடிவாரத்து கிராமம் டூ கொல்கத்தா

1898 டிசம்பர் 4. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கும் வத்திராயிருப்பில் பிறந்தார் கிருஷ்ணன். அப்பா தமிழும் சமஸ்கிருதமும் கற்றவர். பள்ளிப் படிப்பு சொந்த ஊரிலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும். அதன் பிறகு மதுரை அமெரிக்கன் கல்லூரி, அங்கிருந்து சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. அப்போது அந்தக் கல்லூரி தாம்பரத்தில் இல்லை, பாரிமுனைப் பக்கம் இருந்தது.

படிப்பு முடிந்ததும் அதே கல்லூரியில் வேதியியல் செய்முறை பயிற்றுநர் வேலை. ஆமாம், இயற்பியல் இல்லை, வேதியியல். மதிய உணவு இடைவேளையில் மாணவர்களோடு உட்கார்ந்து அறிவியல் பேசுவார். எந்தக் கேள்வியும் கேட்கலாம் என்பதால் பக்கத்துக் கல்லூரி மாணவர்கள்கூட வந்து உட்கார்ந்தார்களாம்.

ஆனால் மனசு முழுக்க கொல்கத்தாவில் இருந்தது. அங்கே ராமன் இருக்கிறார். 1920-ல் கொல்கத்தாவுக்குக் கிளம்பினார். 1923-ல் பௌபஜார் தெரு 210-ம் எண்ணில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ராமனின் ஆய்வுக் குழுவில் சேர்ந்தார். திரவங்களில் ஒளி எப்படிச் சிதறுகிறது என்பதுதான் ஆராய்ச்சி.

1928 பிப்ரவரியில் என்ன நடந்தது?

அந்த மாதத்தின் தொடக்கத்தில் ராமன், கோட்பாட்டு வேலையைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு நேரடியாகச் சோதனையில் இறங்கும்படி கிருஷ்ணனிடம் சொன்னார். கிருஷ்ணன் இறங்கினார். சூரிய ஒளியை ஒரு நிற வடிகட்டி வழியாகத் திரவத்தில் பாய்ச்ச வேண்டும். சிதறி வரும் ஒளியை, முதல் வடிகட்டி விட்ட நிறத்தை முழுசாகத் தடுக்கிற இன்னொரு வடிகட்டி வழியாகப் பார்க்க வேண்டும். நிறம் மாறவில்லை என்றால் எதுவும் தெரியக்கூடாது. ஆனால் தெரிந்தது! ஒரு திரவத்தில் இல்லை, பல திரவங்களில்.

பிப்ரவரி 28-ல் முடிவு உறுதியானது. இப்போது தேசிய அறிவியல் தினமாகக் கொண்டாடுகிறோமே, அதே நாள். அடுத்த மாதம் 'நேச்சர்' இதழில் வெளியான முதல் அறிவிப்பில் ராமன், கிருஷ்ணன் இருவர் பெயரும் இருந்தது. அந்த நாட்களில் தினமும் என்ன பார்த்தோம் என்பதை கிருஷ்ணன் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். அந்தக் கண்டுபிடிப்பு எப்படி நடந்தது என்று வரலாற்று ஆய்வாளர்கள் இன்றைக்கும் தேடிப் போகிற முக்கியமான ஆவணம் அது.

1930-ல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் கிடைத்தது. கண்டுபிடிப்புக்கும் 'ராமன் விளைவு' என்றே பெயர் நிலைத்தது. 'கிருஷ்ணனுக்கும் பங்கு கிடைத்திருக்க வேண்டாமா?' என்ற கேள்வி பல பத்தாண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது. கேள்வியை எழுப்பியவர்களும் வழிநடத்தியவரும் ராமன்தான், பல ஆண்டுகளாக அந்தப் பாதையில் போனவர் அவர், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த மூன்று வாரம் கருவிக்கு முன்னால் உட்கார்ந்த கண்கள் கிருஷ்ணனுடையவை. இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம். கிருஷ்ணன் இதை வைத்துப் பொதுவில் சண்டை எதையும் கிளப்பவில்லை. அடுத்த வேலைக்குப் போய்விட்டார்.

உண்மையில் அந்த 'அடுத்த வேலை'தான் அவருக்கே உரியது.

டாக்காவில் தொங்கிய படிகம்

1928 டிசம்பரில் டாக்கா பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ரீடர் ஆனார். அங்கே துறையில் இருந்தவர் சத்யேந்திரநாத் போஸ். 'போசான்' என்ற பெயருக்குக் காரணமானவர். டாக்காவில் கிருஷ்ணன் கையில் எடுத்தது படிகங்களின் காந்தப் பண்பு.

விஷயம் இதுதான். ஒரு படிகத்தைக் காந்தப் புலத்தில் வைத்தால், எல்லாத் திசையிலும் அது ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. ஒரு திசையில் கொஞ்சம் அதிகம், இன்னொரு திசையில் கொஞ்சம் கம்மி. இந்த வித்தியாசம் ரொம்ப ரொம்பச் சின்னது. ஆனால் அதை அளந்துவிட்டால், படிகத்துக்குள் மூலக்கூறுகள் எந்தப் பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருக்கின்றன என்று சொல்லிவிடலாம்.

எப்படி அளப்பது? சின்னப் படிகத்தை முடியைவிட மெல்லிய குவார்ட்ஸ் இழையில் கட்டி, காந்தத்துக்கு நடுவில் தொங்கவிட்டார். இழையின் மேல்முனையைக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினார். காந்தம் படிகத்தைப் பிடித்து வைக்கும், முறுக்கு அதைத் திருப்பப் பார்க்கும். ஒரு கட்டத்தில் காந்தத்தால் தாக்குப்பிடிக்க முடியாமல் படிகம் சட்டென்று புரண்டுவிடும். எத்தனை டிகிரி முறுக்கியபோது புரண்டது? அந்த ஒரு கோணத்தை வைத்துக் கணக்குப் போட்டால் காந்த வித்தியாசம் கிடைத்துவிடும். பெரிய செலவில்லாத கருவி, ஆனால் துல்லியம் அபாரம்.

இன்னொரு முறையும் வைத்திருந்தார். படிகத்தை ஒரு திரவத்தில் மூழ்கவைத்து, அந்தத் திரவத்தின் காந்தப் பண்பை மாற்றிக்கொண்டே போவார். காந்தம் படிகத்தை இழுக்கவும் இல்லை, தள்ளவும் இல்லை என்ற நிலை வரும்போது நிறுத்துவார். இரண்டும் சமம். இனி திரவத்தை அளந்தால் போதும், படிகத்தை அளந்த மாதிரி. தெரியாத ஒன்றை, தெரிந்த ஒன்றோடு சமன் செய்து அளப்பது. நம்ம மளிகைக்கடை தராசு செய்கிற வேலைதான். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பவர் மீட்டருக்கு வரும்போது தேவைப்படும்.

1933-ல் மறுபடி கொல்கத்தா, பழைய கழகத்திலேயே மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியர் பதவி. அந்த ஆண்டுகளில் அவர் வேலை ஐரோப்பா வரை பேசப்பட்டது. லண்டனில் படிக ஆராய்ச்சியில் பெயர் பெற்றிருந்த கேத்லீன் லான்ஸ்டேல் அவரோடு சேர்ந்து கட்டுரை வெளியிட்டார். 1937-ல் ஐரோப்பா போனபோது ரூதர்ஃபோர்டின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் உரையாற்றினார். 1940-ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர். 1942-ல் அலகாபாத் பல்கலைக்கழகப் பேராசிரியர். 1946-ல் 'சர்' பட்டம்.

நாட்டுக்கே ஒரு அளவுகோல்

1947 ஜனவரி 4. சுதந்திரத்துக்கு ஏழு மாதம் முன்பு டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்துக்கு நேரு அடிக்கல் நாட்டினார். முதல் இயக்குநர் கிருஷ்ணன். 1950 ஜனவரி 21-ல் சர்தார் படேல் கட்டடத்தைத் திறந்து வைத்தார்.

ஒரு நாட்டுக்கு இப்படி ஒரு ஆய்வகம் எதற்கு என்று தோணலாம். அப்போதைய நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஊருக்கு ஒரு படி, மாகாணத்துக்கு ஒரு சேர். பக்கத்து ஊர் மணங்கும் நம்ம ஊர் மணங்கும் வேற வேற. இதை வைத்துக்கொண்டு தொழிற்சாலை நடத்த முடியுமா? ஒரு ஊரில் செய்த திருகு இன்னொரு ஊரில் செய்த மறைக்குள் போக வேண்டுமே!

1956-ல் எடை அளவுத் தரச் சட்டம் வந்தது. நாடு முழுக்க மெட்ரிக் முறை. பிரான்ஸில் பிறந்த மீட்டரும் கிலோவும்தான் இனி சட்டப்படி அளவு. இங்கே ஒரு சுவாரசியம். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது 1954 நவம்பர் 1-ல். பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை விட்டுப் போன இரண்டே வருடத்தில், அவர்கள் உருவாக்கிய அளவு முறை இந்தியா முழுமைக்கும் சட்டம் ஆகிவிட்டது. இந்தியாவுக்கான கிலோகிராம் மாதிரி, 57 என்ற எண் கொண்ட உலோக உருளை, என்.பி.எல்-லின் பொறுப்பில் இருக்கிறது.

ரேடியோவிலும் கால் வைத்தது ஆய்வகம். 1950-களில் அங்கே ரேடியோ அலைப் பரவல் ஆராய்ச்சிப் பிரிவு உருவானது. அதை வளர்த்தவர் ஏ.பி.மித்ரா. 1959-ல் 'ஏ.டி.ஏ' என்ற அழைப்புக் குறியோடு 10 மெகாஹெர்ட்ஸில் நேரமும் அதிர்வெண்ணும் ஒலிபரப்பத் தொடங்கினார்கள். அதைக் கேட்டு நாட்டின் எந்த மூலையிலும் கடிகாரத்தைத் திருத்த முடிந்தது, ரேடியோ கருவியின் அதிர்வெண் சரியா என்றும் பார்க்க முடிந்தது. இன்றைக்கும் இந்திய நேரத்துக்கு மூலம் அந்த ஆய்வகம்தான். தேர்தலில் விரலில் வைக்கிற மை கூட அங்கே உருவானதுதான், அது தனிக் கதை.

இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்ததும் பலர் ஆராய்ச்சியை விட்டுவிடுவார்கள். இவர் விடவில்லை. சூடான உலோகத்தில் இருந்து எலெக்ட்ரான்கள் வெளியேறுவது பற்றி எஸ்.சி.ஜெயினோடு ஆராய்ந்தார். மின்சாரத்தால் சூடாகும் மெல்லிய கம்பியில் வெப்பம் எப்படிப் பரவியிருக்கும், நடுவில் எவ்வளவு, முனையில் எவ்வளவு என்பது பற்றியும் கடைசி ஆண்டுகளில் கட்டுரைகள் வெளியிட்டார். அந்த ஆராய்ச்சி ரேடியோவுக்காகச் செய்தது இல்லை. ஆனால் மின்சக்தியை வெப்பமாக மாற்றி அளப்பது என்ற விஷயத்துக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது.

பவர் மீட்டருக்குள் இருக்கும் 'தராசு'

ரேடியோ அலையின் சக்தியை நேரடியாக அளப்பது கஷ்டம். நொடிக்குக் கோடிக்கணக்கான முறை திசை மாறுகிற மின்சாரம் அது. சாதாரண மீட்டரால் பின்தொடர முடியாது. அதனால் குறுக்கு வழி: அந்த அலையை ஒரு சின்னப் பொருளில் பாய்ச்சி, அது எவ்வளவு சூடாகிறது என்று பார்ப்பது.

தெர்மிஸ்டர் என்ற துகள் இருக்கிறது. சூடானால் அதன் மின்தடை குறையும். அதற்குக் கொஞ்சம் நேர்மின்சாரம் கொடுத்து ஒரு குறிப்பிட்ட தடையில் நிற்க வைப்பார்கள். இப்போது ரேடியோ அலை உள்ளே வருகிறது, கூடுதலாகச் சூடாகிறது. உடனே மின்சுற்று நேர்மின்சாரத்தைக் குறைத்து பழைய தடைக்கே கொண்டு வந்துவிடும். எவ்வளவு குறைத்தது? அதுதான் வந்த ரேடியோ சக்தி! தெரியாத ரேடியோ சக்தியைத் தெரிந்த நேர்மின்சாரத்தோடு சமன் செய்கிறோம். டாக்காவில் படிகத்தையும் திரவத்தையும் சமன் செய்தாரே, அதே யோசனை.

இப்போது கடைகளில் புழங்கும் மீட்டர்களில் தெர்மோகப்பிள், டையோடு சென்சார்கள்தான் அதிகம். டையோடு வகை, ஒரு மில்லிவாட்டில் கோடியில் ஒரு பங்கு அளவுக்குச் சின்ன சக்தியைக்கூடப் பிடிக்கும். ஆனால் உச்சகட்டத் துல்லியம் தேவைப்படும் ஆய்வகங்களில் வெப்ப முறைக்குத்தான் இன்னும் மரியாதை.

படகு செட்டை எப்படிச் சோதிப்பது?

முதலில் மீட்டரை ஆன் செய்து அரை மணி நேரமாவது விட வேண்டும். உள்ளே வெப்பநிலை ஒரு நிலைக்கு வரட்டும். அடுத்து சென்சாருக்கு எந்த சக்தியும் போகாதபோது 'ஜீரோ' பட்டனை அழுத்த வேண்டும். கடைக்காரர் சாமான் வைக்கும் முன் தராசு முள்ளைப் பார்க்கிற மாதிரி. பிறகு மீட்டரிலேயே இருக்கும் ஒரு மாதிரி மூலத்தில் சென்சாரை மாட்டி 'கேல்' அழுத்த வேண்டும். அது பெரும்பாலும் 50 மெகாஹெர்ட்ஸில் சரியாக 1 மில்லிவாட் தரும். மீட்டர் தன்னை அதற்கு ஏற்பத் திருத்திக்கொள்ளும்.

நிறைய பேர் சறுக்குவது இதற்கு அடுத்த இடத்தில். பெரும்பாலான சென்சார்கள் தாங்குவது 100 மில்லிவாட் அளவுதான். படகு செட்டோ 25 வாட். நேராக மாட்டினால் சென்சார் அங்கேயே காலி. விலையும் கொஞ்ச நஞ்சம் இல்லை. நடுவில் 30 டெசிபல் அட்டெனுவேட்டர் போட வேண்டும். அது சக்தியை ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கும். 25 வாட் போனால் 25 மில்லிவாட் வரும். அந்த அட்டெனுவேட்டரும் 25 வாட்டுக்கு மேல் தாங்குவதாக இருக்கணும். எல்லாவற்றையும் மாட்டி இறுக்கிய பிறகுதான் செட்டின் பேச்சுப் பட்டனை அழுத்த வேண்டும்.

இன்னும் ஒன்று. சென்சார் எல்லா அதிர்வெண்ணிலும் ஒரே மாதிரி உறிஞ்சாது. ஒரு இடத்தில் 99 சதவீதம், இன்னொரு இடத்தில் 97 சதவீதம் என்று மாறும். அந்த அட்டவணை சென்சாரின் மேலேயே ஒட்டியிருக்கும், புது வகைகளில் உள்ளே நினைவகத்தில் இருக்கும். 16-வது சேனல் என்றால் 156.8 மெகாஹெர்ட்ஸ். அதற்குரிய எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அட்டெனுவேட்டரில் '30' என்று எழுதியிருக்கிறது, ஆனால் நிஜத்தில் 30.5 என்று வைத்துக்கொள்வோம். வெறும் அரை டெசிபல்தானே? 25 வாட் அனுப்பும் நல்ல செட்டை மீட்டர் 22 வாட் சொச்சம் என்று காட்டும். நல்ல செட்டைப் பழுது என்று சொல்லி ஒருவரைச் செலவு செய்ய வைக்கலாம். இதே தவறு எதிர்ப்பக்கம் போனால் இன்னும் மோசம். வீக்கான செட்டுக்கு 'ஓகே' சொல்லிக் கடலுக்கு அனுப்பிவிடுவோம்.

'கேல்' பட்டன் இருக்கே, அப்புறம் எதுக்கு ஆய்வகம்?

நியாயமான கேள்வி. அந்தப் பட்டன் மீட்டரையும் சென்சாரையும் உள்ளே இருக்கிற 1 மில்லிவாட்டோடு ஒத்துப்போகச் செய்கிறது, அவ்ளோதான். அந்த 1 மில்லிவாட்டே வருடங்கள் போகப் போக 0.97 ஆகிவிட்டால்? மீட்டர் அதையே உண்மை என்று நம்பும். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து தன் சுவர்க் கடிகாரத்தைத் திருத்துகிற கதை.

அதனால்தான் குறிப்பிட்ட இடைவெளியில், வழக்கமாக வருடத்துக்கு ஒரு முறை, மீட்டர், சென்சார், அட்டெனுவேட்டர் மூன்றையும் என்.ஏ.பி.எல் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். அங்கே உள்ளே இருக்கும் மாதிரி மூலத்தை உயர்தரக் கருவியால் அளப்பார்கள். சென்சாரை ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் ஒப்பிட்டு புது அட்டவணை தருவார்கள். சான்றிதழில் எண் மட்டும் இருக்காது, அந்த எண்ணில் எவ்வளவு ஐயப்பாடு உண்டு என்பதும் இருக்கும். 'இவ்வளவு, கூட குறைய இவ்வளவு' என்று சொல்லாத அளவு, அளவே இல்லை என்பது இந்தத் துறையின் பழக்கம். தமிழ் படித்துவிட்டு செய்தி டெஸ்கில் உட்கார்ந்திருக்கும் எனக்கு இது ரொம்பப் பிடித்தது. நாங்களும் இப்படி ஒவ்வொரு செய்திக்கும் கீழே போட்டால் எப்படி இருக்கும்!

செல்போன் டவர் விஷயத்திலும் இதே சங்கிலிதான். கதிர்வீச்சு வரம்பை இந்தியா 2012 செப்டம்பரில் சர்வதேச வழிகாட்டு அளவின் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. 900 மெகாஹெர்ட்ஸில் ஒரு சதுர மீட்டருக்கு 0.45 வாட். உங்க தெருவில் டவர் வைத்தால் அளக்க வருபவரின் கையில் இருப்பது வேறு வகைக் கருவி. ஆனால் அதற்கும் செல்லுபடியாகும் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

விருதும் விடைபெறலும்

சுதந்திர இந்தியாவின் அணுசக்தி ஆணையம் 1948-ல் அமைந்தபோது ஹோமி பாபா, சாந்தி ஸ்வரூப் பட்நாகரோடு மூன்றாவது உறுப்பினராக இருந்தவர் கிருஷ்ணன். 1954-ல் பத்மபூஷண். 1958-ல் பட்நாகர் பெயரில் விருது தொடங்கியபோது முதலில் வாங்கியவரும் இவரே.

இத்தனைக்கும் நடுவில் தமிழை விடவில்லை. இலக்கியத்தில் ஊறியவர், தமிழிலும் கட்டுரை எழுதியவர். டென்னிஸ் ஆடுவார். கால்பந்து என்றால் உயிர்.

1961 ஜூன் மாதம், இயக்குநர் பதவியில் இருக்கும்போதே டெல்லியில் காலமானார். வயது 62. மைக்ரோவேவ் சக்திக்கான தேசிய அளவுத் தரங்களை எல்லாம் அவருக்குப் பின் வந்த தலைமுறை அதே வளாகத்தில் வளர்த்தெடுத்தது.

அந்த வளாகம் இருக்கும் சாலைக்கு இப்போது டாக்டர் கே.எஸ்.கிருஷ்ணன் மார்க் என்று பெயர். அங்கிருந்து போகும் ஒவ்வொரு அளவுத் திருத்தச் சான்றிதழிலும், மேலே முகவரி வரியில், புதுடெல்லி 110012-க்கு முன்னால் அவர் பெயர் இருக்கும்.